ஏர் பிஸ்டலின் விசை கனமாக இருக்கிறது, குறைக்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன், தவறென்றால் திருத்துங்கள். நீங்கள் சுடத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. துப்பாக்கி சுடும் மன்றத்துக்குச் சொந்தமான ஏர் பிஸ்டல் ஒன்றை வேறு மூன்று பேரோடு பகிர்ந்து பயன்படுத்துகிறீர்கள். 60 குண்டுகளில் 530 புள்ளியைத் தாண்ட முடியவில்லை. வலக்கைக்காரரான உங்களுக்குக் கெட்டுப்போகும் குண்டுகளெல்லாம் இடப்பக்கம் கீழே விழுகின்றன. விசை, அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் டிரிகர், கனமாகவும் கரகரப்பாகவும் இருப்பதாகத் தோன்றுகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஸ்பிரிங்கை வெட்டியும் உள்ளே இருக்கும் கொக்கியை எண்ணெய்க் கல்லில் தேய்த்தும் விசையைப் பாதி எடைக்குக் கொண்டுவரும் காணொளியைப் பார்த்திருக்கிறீர்கள். அதேபோல் செய்து 300 கிராமுக்கு இறக்கலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எடையைக் குறைக்க முடியுமா என்பது ஒன்று. இடப்பக்கம் கீழே போகும் குண்டை எப்படி நிறுத்துவது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சிறியது. இரண்டாவதுதான் உங்களை உண்மையில் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். அதனால் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

நான் ஜூரோங்கில் துல்லியப் பொறியியல் பட்டறை ஒன்றில் கருவி செய்பவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாரக் கடைசிகளில் சுடுதிடலில் பிஸ்டல்களைப் பழுதுபார்க்கும் பொறுப்பில் உதவி வருகிறேன். பெரிய போட்டியாளனாக இருந்ததில்லை. ஆனால் எத்தனையோ பேருடைய விசைகளைத் திருகி, எடை போட்டு, மறுவாரம் அவர்கள் இலக்கு அட்டையில் என்ன ஆயிற்று என்று பார்த்திருக்கிறேன். கீழே வருவதில் இயந்திரத்தைப் பற்றிய பகுதியை உறுதியாகச் சொல்கிறேன். கையையும் மனத்தையும் பற்றிய பகுதி நான் கண்டதிலிருந்து வருவது. நல்ல பயிற்றுநர் ஒருவர் அதில் சிலவற்றை மறுக்கக்கூடும்.

முதல் கேள்வியை முடித்துவிடலாம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு அனைத்துலகத் துப்பாக்கிச் சுடுதல் விளையாட்டுச் சம்மேளனத்தின் விதி குறைந்தது 500 கிராம் விசை எடை என்கிறது. உள்ளூர்ப் போட்டிகளும் அதையே பின்பற்றுகின்றன. சோதிக்கும் முறை எளிமையானது. துப்பாக்கிக் குழலைச் செங்குத்தாகப் பிடித்து, விசையின் நடுப்பகுதிக்கு அருகில் 500 கிராம் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, மேசையிலிருந்து தூக்க வேண்டும். கல் மேசையை விட்டு எழும்வரை விசை விடுபடக்கூடாது. மூன்று முயற்சி வரை அனுமதி உண்டு. ஏர் பிஸ்டலில் காற்றைத் திறந்துவைத்துத்தான் இந்தச் சோதனையைச் செய்வார்கள். போட்டி முடிந்த பிறகும் குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்து மறுபடி எடை போடுவதுண்டு. அப்போது தவறினால் அன்று சுட்ட அத்தனையும் வீண். ஆகவே 300 கிராம் விசையோடு பழகிய விரல் போட்டி மேடையில் அந்நியமாகிவிடும். 25 மீட்டர் பிரிவுகளில் எல்லை இன்னும் உயரம், 1000 கிராம். அங்கேயும் ரேப்பிட் ஃபயர் பிரிவில் ஒருகாலத்தில் எல்லை இல்லாமல் இருந்தது. 2005 முதல் 1000 கிராம் ஆக்கினார்கள். எல்லையே இல்லாத பிரிவு 50 மீட்டர் பிஸ்டல் ஒன்றுதான். சில பத்து கிராமில் விடுபடும் விசைகளைப் பற்றி நீங்கள் படித்திருந்தால் அவை அந்தப் பிரிவுக்கு உரியவை. 2016 ரியோ ஒலிம்பிக்கோடு அது ஒலிம்பிக் பட்டியலிலிருந்து போய்விட்டது.

சிங்கப்பூரில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காணொளியில் இருப்பவர் தன் சமையலறை மேசைமேல் பிஸ்டலைப் பிரிக்கிறார். இங்கே ஏர் பிஸ்டலும் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிதான். அது உரிமத்தில் பதிவாகி, மன்றத்தின் ஆயுதக்கிடங்கில் பூட்டப்பட்டு, கையெழுத்துப் போட்டு வெளியே வந்து, கையெழுத்துப் போட்டு உள்ளே போகிறது. பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் அதன் உட்பகுதியைத் திறக்காதீர்கள். ஸ்பிரிங், கொக்கி போன்றவற்றை இணையத்தில் வாங்கித் தபாலில் வரவழைக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். எது தேவையென்றாலும் மன்றத்தின் வழியாக, காவல்துறையின் உரிமப் பிரிவு அறிய நடக்கட்டும். நான் கீழே சொல்லும் ஒவ்வொரு மாற்றமும் திடலில், பொறுப்பாளர் பக்கத்தில் இருக்கும்போது, காற்றுக் குடுவையைக் கழற்றிவிட்டு, குழலில் பாதுகாப்புக் கயிறு செருகிச் செய்ய வேண்டியது.

இனி விசைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சுருங்கிய ஸ்பிரிங்கின் உந்துதலோடு சிறு சுத்தியல் ஒன்று பின்னால் காத்திருக்கிறது. அதைத் தடுத்து நிற்பது சியர் என்று சொல்லப்படும் எஃகுக் கொக்கி. நீங்கள் விசையை இழுக்கும்போது நெம்புகோல் ஒன்றோ இரண்டோ நகர்ந்து, கொக்கி தன் விளிம்பிலிருந்து வழுக்குகிறது. சுத்தியல் பாய்ந்து வால்வைத் தட்டுகிறது. காற்று குண்டைத் தள்ளுகிறது. விரலில் நீங்கள் உணரும் கனம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: விசைக்கென்று வைத்த ஸ்பிரிங், கொக்கியும் சுத்தியலும் தொடும் இடத்தின் உராய்வு, நெம்புகோலின் விகிதம். இதில் ஸ்பிரிங்கின் பங்கை விரல் எளிதில் மன்னிக்கும், ஏனென்றால் அது சீராகக் கூடுகிறது. உராய்வை மன்னிக்காது. நிற்கும் பொருளை நகர்த்தத் தேவையான அழுத்தம் நகரும் பொருளுக்குத் தேவைப்படுவதைவிட அதிகம். ஆகவே உராய்வு மிகுந்த விசை நின்று நின்று நகர்கிறது. நீங்கள் ‘கரகரப்பு’ என்று எழுதியது அதுதான். அந்தக் கரகரப்பைத்தான் பெரும்பாலானோர் ‘கனம்’ என்று சொல்கிறார்கள். ‘இந்த பிஸ்டல் 700 கிராம் இருக்கும்’ என்று சொல்லிக் கொண்டுவந்தவர்களின் விசையை எடை போட்டால் 520, 530 என்று வந்திருக்கிறது. அதனால் எதையும் திருகுவதற்கு முன் எடை போடுங்கள். திடலில் எடைக்கல் இருக்கும்.

விசையை இழுப்பதில் நேரும் தவறு குண்டை எவ்வளவு நகர்த்தும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இலக்கில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் 4.5. குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை தவறலாம். குறிபார்க்கக் குழலின் முனையில் உள்ள முன்குறிக்கும் கண்ணுக்கு அருகில் உள்ள பின்குறிக்கும் இடையே 34 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்குறி பின்குறியின் நடுவிலிருந்து 0.27 மில்லிமீட்டர் விலகினாலே குண்டு 8 மில்லிமீட்டர் தள்ளிப்போய்விடும். ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மறுபக்கம், முழுக் கையும் இணையாக ஐந்து மில்லிமீட்டர் ஆடினால் குண்டும் ஐந்து மில்லிமீட்டர்தான் நகரும். பத்து பத்தாகவே இருக்கும். கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்படும் புதியவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு கோணம் மாறுவதே குண்டைக் கெடுக்கிறது, மணிக்கட்டைக் கோணலாக்குவது பெரும்பாலும் விரல்.

விரல் எப்படிக் கோணலாக்குகிறது? பிஸ்டலின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. 500 கிராம் விசை என்பது அதில் பாதி. அந்த அரைக் கிலோவை நேராகப் பின்னால் இழுத்தால் கையும் முழங்கையும் வாங்கிக்கொள்ளும். பத்து பாகை சாய்வாக இழுத்தால் அதில் கிட்டத்தட்ட 87 கிராம் பக்கவாட்டில் போகிறது. அந்த 87 கிராம் மெல்ல மெல்ல ஏறினால் கை அதற்கு ஈடுகொடுத்து நிற்கும். கடைசி நொடியில் மொத்தமாக வந்தால் ஈடுகொடுக்க நேரம் இருக்காது. விசையை இரு நிலைகளாகப் பிரித்திருப்பதன் பயன் இங்கே வருகிறது. முதல் நிலையில் விரல் ஸ்பிரிங்கை எதிர்த்துச் சில மில்லிமீட்டர் நகர்ந்து ஓரிடத்தில் முட்டுகிறது. முட்டிய பிறகு கூடுதலாகக் கொடுக்கும் அழுத்தம் இரண்டாம் நிலை. அங்கேதான் கொக்கி விடுபடுகிறது. முதல் நிலை 400 கிராம், இரண்டாவது 110 என்று வைத்தால், பிஸ்டலை இலக்கின் மேலிருந்து இறக்கும்போதே நாலில் மூன்று பங்குக்கு மேலான கனத்தைக் கை சுமந்து பழகிவிடுகிறது. குறி நின்றதும் மிச்சம் 110 கிராம்தான். எடைக்கல்லின்முன் அது இன்னும் 510 கிராம் விசை. விரலுக்கு அது நூறு கிராம் விசை. விதியை மீறாமல் நீங்கள் கேட்ட ‘இலகு’ கிடைக்கும் வழி இதுதான். பெரும்பாலான போட்டி பிஸ்டல்களில், ஸ்டெயர், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி எதுவாக இருந்தாலும், இதற்கான திருகாணிகள் தயாரிப்பாளராலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. கல்லும் அரமும் தேவையே இல்லை.

எவ்வளவு முதல் நிலையில், எவ்வளவு இரண்டாவதில் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. மிகத் தேர்ந்தவர்கள் சிலர் இரண்டாம் நிலையை 60, 70 கிராம் வரை இறக்குகிறார்கள். ஓராண்டு அனுபவம் உள்ள விரலுக்கு நான் அதைச் செய்துகொடுக்க மாட்டேன். அவ்வளவு மெல்லிய தடையை உணராமலே விரல் கடந்துவிடும், குறி நிற்பதற்குள் குண்டு போய்விடும். ஒருமுறை அப்படிப் போனால் அடுத்த பத்து குண்டுகளுக்கு விரல் விசையைத் தொடவே அஞ்சும். அந்த அச்சம் கனமான விசையைவிடப் பெரிய கேடு. 120, 130 என்று தொடங்கி, மூன்று மாதம் சுட்டு, பிறகு குறைப்பதே நான் கண்ட வழி. மொத்தத்தை 500-இல் நிறுத்தாமல் 515 வாக்கில் நிறுத்துங்கள். எடைக்கல் விசையில் சற்றே கீழே மாட்டினால் நெம்புவலிமை கூடி விசை எளிதில் விடுபடும். அந்தப் பதினைந்து கிராம் சோதனை மேசையில் உங்களைக் காப்பாற்றும்.

திருத்தும் வரிசை முக்கியம். உங்கள் பிஸ்டலின் மாதிரி தெரியாததால் எந்தத் திருகாணி எந்த எண் என்று சொல்ல முடியாது. கையேட்டை மன்றத்திடம் கேளுங்கள். வரிசை மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. எதையும் தொடும் முன் ஒவ்வொரு திருகாணியும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கைப்பேசியில் படம் எடுத்து, முழுவதும் உள்ளே போக எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முதல் நிலையின் எடை. அதன்பின் இரண்டாம் நிலையின் எடை. அதற்கும் பிறகே கொக்கி எவ்வளவு ஆழம் பிடித்திருக்கிறது என்ற திருகாணி. முட்டிய பிறகும் விசை ஊர்ந்து ஊர்ந்து நகர்ந்தால் அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மிகச் சிறிய அளவில் திருப்பி, ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை வெறுமனே இழுத்துப் பார்க்க வேண்டும். முட்டே தெரியாமல் விடுபடத் தொடங்கினால் நீங்கள் தாண்டிவிட்டீர்கள், திரும்பி வாருங்கள். கடைசியில், விடுபட்ட பிறகு விரல் பின்னால் ஓடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் நிறுத்தம். குண்டு குழலைவிட்டு வெளியேறும் முன்பே விரல் பின்னால் போய் மோதினால் பிஸ்டல் உதறும் என்பதால் இதைக் குறைக்க எல்லோருக்கும் ஆசை. ஆனால் அறவே இல்லாமல் செய்துவிட்டால் சில தடவை கொக்கி முழுவதும் விலகாமல் உராயும், சில தடவை விடுபடவே விடுபடாது. ஒரு மயிரிழை ஓட்டம் மிச்சம் வையுங்கள். ஒரு நாளில் ஒரு திருகாணிக்கு மேல் தொடாதீர்கள். நான்கையும் ஒரே மாலையில் திருகிவிட்டு ‘இப்போது மோசமாகிவிட்டது, எது காரணம்’ என்று கேட்டு வருகிறவர்களுக்கு, எழுதிவைத்த பழைய எண்களுக்கே திரும்புவதைத் தவிர வழி சொல்ல முடிவதில்லை.

நீங்கள் பிறரோடு பகிரும் பிஸ்டல் என்பதையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு இதமான இரண்டாம் நிலை, அடுத்த மணி நேரத்தில் அதைக் கையில் எடுக்கும் பள்ளி மாணவிக்கு எதிர்பாராத வெடிப்பு. நால்வரும் உட்கார்ந்து ஒரே அமைப்பை ஒப்புக்கொண்டு, அந்த எண்களைப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைக்கலாம். எங்கள் திடலில் அப்படித்தான் செய்கிறோம்.

அடுத்து, அந்த எண்ணெய்க் கல். இதைப் பற்றி எனக்குக் கசப்பான அனுபவம் இருக்கிறது. உதவத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில், பட்டறையில் கடினப்படுத்திய எஃகைத் தினமும் கையாள்கிறவன் என்ற துணிவில், பழைய பிஸ்டல் ஒன்றின் கொக்கியைப் பொறுப்பாளரின் ஒப்புதலோடு தேய்த்தேன். கண்ணாடிபோல் ஆனது. முதல் இரண்டு வாரம் அதைத் தொட்டவரெல்லாம் புகழ்ந்தார்கள். மூன்றாம் மாதம் முட்டும் இடம் மங்கியது. பிறகு ஒரு நாள் குண்டு வைத்து மூடியபோதே அது விடுபட்டது. குழல் இலக்கை நோக்கி இருந்ததால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் விளிம்பு உருண்டு போயிருந்தது. நடந்தது இதுதான்: இப்படிப்பட்ட சிறு பாகங்கள் பலவற்றில் கடினமான பகுதி மேல்தோல் மட்டுமே, உள்ளே எஃகு மென்மையானது. நான் அந்தத் தோலைத் தேய்த்துத் தள்ளியிருந்தேன். மேலும், கையால் தேய்க்கும்போது கோணம் கொஞ்சம் மாறினாலும் போதும். சுத்தியலைப் பிடித்துவைக்க வேண்டிய கொக்கியைச் சுத்தியலே தள்ளி வெளியேற்றும். புதிய பாகம் வந்துசேர எடுத்த வாரங்களெல்லாம் ஓர் இளைஞரின் பயிற்சி நின்றது. அதற்குப் பிறகு எந்தக் கொக்கியின்மேலும் கல் வைத்ததில்லை. ஸ்பிரிங்கை வெட்டுவதும் அப்படியே. சுத்தியலின் ஸ்பிரிங்கைக் குறைத்தால் விசை இலகுவாகும்தான். கூடவே வால்வில் விழும் அடி குறையும், குண்டின் வேகம் குறையும், ஒவ்வொரு குண்டுக்கும் வேகம் மாறும். விசையில் சேமித்ததை அட்டையில் இழப்பீர்கள்.

தோட்டா வெடிக்கும் .22 பிஸ்டலுக்கு என்றாவது மாறினால் இந்த எச்சரிக்கை பல மடங்காகும். அங்கே கொக்கியின் பிடி குறைந்தால், ஒரு குண்டு வெடித்த அதிர்ச்சியில் சுத்தியல் தானாக விழுந்து அடுத்ததும் வெடிக்கலாம். ஒரே இழுப்பில் இரண்டு குண்டு போகும் பிஸ்டல் திடலில் ஒரு நிமிடம்கூட இருக்கக்கூடாது.

கரகரப்புக்கு நான் முதலில் சந்தேகிப்பது அழுக்கையும் எண்ணெயையும்தான். நம் ஊர் ஈரப்பதம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆண்டுச் சராசரியே எண்பது விழுக்காட்டைத் தாண்டுகிறது. குளிரூட்டிய திடலிலிருந்து வெளியே கொண்டுவந்த பிஸ்டல் மேல், ஐஸ் தண்ணீர்க் குவளை வியர்ப்பதுபோல் நீர் கோக்கிறது. துருவுக்கு அஞ்சி யாரோ எண்ணெய் விடுகிறார்கள். அடுத்த மாதம் இன்னொருவர் விடுகிறார். பல கைகள் மாறும் மன்றத் துப்பாக்கியில் அந்த எண்ணெயும் தூசியும் ஈயப் பொடியும் சேர்ந்து, வற்றிய புளிக் குழம்பின் அடி மாதிரி ஆகிவிடுகின்றன. பொறுப்பாளர் விசைப் பகுதியைத் திறந்து, தயாரிப்பாளர் சொன்ன கரைப்பானால் கழுவி, உலர்த்தி, சுழலும் ஊசிகளில் ஊசி முனையளவு மெல்லிய எண்ணெயும், கையேடு அனுமதித்தால் கொக்கி விளிம்பில் அணுவளவு கிரீஸும் வைத்தால் போதும். இந்த ஒரு வேலையாலேயே ‘விசை பாதியாகிவிட்டது’ என்று சொன்னவர்கள் உண்டு. எடை போட்டால் இருபது கிராம்கூட மாறியிருக்காது. உங்களுடையது அழுக்கா, தேய்மானமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. கழுவிய பிறகும் கரகரப்பு நீடித்தால் தேய்மானம் என்று கொண்டு, பாகத்தை மாற்றக் கேளுங்கள்.

இவையெல்லாம் சரியான பிறகும் குண்டு இடப்பக்கம் கீழே போகலாம் என்று சொன்னால் வருந்தாதீர்கள். நீங்கள் விவரித்த அந்தத் திசை எனக்கு மிகவும் பழக்கமானது. வலக்கைக்காரர் விசையை இழுக்கும்போது சுட்டுவிரலோடு மற்ற மூன்று விரல்களும் சேர்ந்து இறுகினால் குழல்முனை அங்கேதான் குத்தும். விரலின் இடம் இன்னொரு காரணம். முதல் கணுவின் தசைப்பகுதியின் நடுவே விசை பட வேண்டும். அந்த இடத்தில் விரல் பின்னால் இழுக்கும்போது குழலுக்கு நேர்கோட்டில் வர வேண்டும். விசைத் தகடு முன்னும் பின்னும் நகரக்கூடியது, பக்கவாட்டில் சாயக்கூடியது. உயரமானவரின் நீண்ட விரலுக்கு வைத்த தகட்டைக் குட்டை விரல் எட்டிப் பிடித்தால், நுனியால் பக்கமாகத் தள்ளுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. பகிரும் பிஸ்டலில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தகட்டின் இடம் மாற்றுவது இரண்டு நிமிட வேலை. விசை எடையில் ஐம்பது கிராம் குறைப்பதைவிட அதிகப் பயன் தருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். சுட்டுவிரலின் அடிப்பகுதி மரப்பிடியைத் தொடாமல் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். தொட்டால் விரல் மரத்தையும் சேர்த்துத் தள்ளும். கைப்பிடியின் அளவு உங்கள் கைக்குப் பெரிதானால் மன்றத்தில் சிறியது இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் தவறு விசையிலா கையிலா என்று கண்டறிய ஒரு சோதனை இருக்கிறது. நண்பர் ஒருவர் உங்களுக்காகக் குண்டு நிரப்பட்டும். சில தடவை குண்டு வைத்து, சில தடவை வெறுமனே விசையை மட்டும் தயாராக்கி, எது என்று சொல்லாமல் கொடுக்கட்டும். போட்டி பிஸ்டல் பலவற்றில் காற்று வெளியேறாமல் விசையை மட்டும் இயக்கும் வசதி இருக்கிறது. குண்டில்லாத முறை வரும்போது முன்குறியைப் பாருங்கள். அது இடப்பக்கம் கீழே முக்கினால், விசை எத்தனை கிராம் ஆனாலும் குண்டு அங்கேதான் போயிருக்கும். அசையாமல் நின்றால் நான் தோற்றேன். பிஸ்டலைக் கழற்றச் சொல்லுங்கள்.

மின்னணு விசை வாங்கினால் தீருமா என்றும் கேட்டிருந்தீர்கள். மொரினி போன்ற பிஸ்டல்களில் கொக்கிக்குப் பதில் மின்சுற்று ஒன்று விடுபடும் கட்டளையைக் கொடுக்கிறது. தேயும் விளிம்பு இல்லாததால் ஆயிரமாவது இழுப்பும் முதல் இழுப்பைப் போலவே இருக்கும். அது உண்மையான நன்மை. புள்ளி கூடுமா என்பதில் எனக்கு உறுதி இல்லை. எங்கள் திடலில் மாறியவர்களில் சிலருக்குக் கூடியது, சிலருக்குப் பழைய புள்ளியே நீடித்தது. அதற்கும் அதே 500 கிராம்தான். மின்சுற்றைத் திடலில் வைத்துப் பழுதுபார்க்க என்னைப் போன்றவர்களால் முடியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் விலைமதிப்பற்ற நிமிடங்கள் போய்விட்டன. அவர் 575 புள்ளியோடு இறுதிச் சுற்றைத் தவறவிட்டார். மூன்று ஆண்டு கழித்துப் பாரிஸில் இரண்டு வெண்கலம் வென்றது எனக்கு அளவற்ற மகிழ்ச்சி தந்த நாள்கள். எந்தப் பொறிக்கும் பழுது வரும், எதையும் வாங்கும் முன் அதை இங்கே யார் பார்த்துக்கொடுப்பார் என்று விசாரியுங்கள். நம் சிங்கப்பூர் வீராங்கனை தியோ ஷுன் ஸியே 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டில் இதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தங்கம் வென்றபோதும் எல்லோருக்கும் இருந்தது அதே 500 கிராம் எல்லைதான்.

பிஸ்டலை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத ஊரில் விரலுக்குப் பயிற்சி எப்படி என்பதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு. தேக்காவிலோ முஸ்தபாவிலோ எந்தக் கடையிலும் கிடைக்கும் மின் சமையல் தராசு போதும். தராசை மேசைமேல் வைத்து, கையைப் பக்கவாட்டில் ஊன்றி, சுட்டுவிரலின் அந்தத் தசைப்பகுதியால் மட்டும் தட்டை அழுத்துங்கள். எண் 400-க்கு வந்ததும் நிறுத்தி, ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு மெல்ல, மூன்று நொடி எடுத்து 510-க்கு ஏற்றுங்கள். மற்ற மூன்று விரல்களும் கட்டைவிரலும் ஒரு வாழைப்பழத்தைக் கன்றிப்போகாமல் பிடித்திருப்பதுபோல் அசையாமல் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு 400-இல் நிறுத்திப் பாருங்கள். இருபது கிராமுக்குள் நிறுத்த முடிந்தால் விரல் கற்றுக்கொண்டுவிட்டது. இது விசை இழுப்பதற்கு முழு ஈடாகாது, திசையும் வேறு. என்றாலும் நான் சொல்லிக்கொடுத்த புதியவர்களில் இதைத் தொடர்ந்து செய்தவர்களின் விரல் முதல் நிலையில் நிற்க விரைவாகப் பழகியது.

வரும் சனிக்கிழமை திடலுக்குப் போனால் முதலில் 500 கிராம் கல்லைத் தூக்கிப் பாருங்கள். கல் எழுந்தால் சிறு சிறு எடைகளைச் சேர்த்து எந்த எண்ணில் விடுபடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, விரல் முட்டும் இடம்வரை மட்டும் போக எவ்வளவு எடை ஆகிறது என்று பாருங்கள். தகட்டில் விரல் படும் இடத்தை நண்பர் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுக்கட்டும். இரண்டு எண்கள், ஒரு படம், பிஸ்டலின் மாதிரிப் பெயர், கடைசியாக எப்போது கழுவினார்கள் என்ற விவரம், நண்பர் நிரப்பிக்கொடுத்த சோதனையில் முன்குறி எந்தப் பக்கம் முக்கியது என்ற செய்தி ஆகியவற்றை எழுதுங்கள். எந்தத் திருகாணியை எந்தப் பக்கம் கால் சுற்று திருப்பச் சொல்ல வேண்டும் என்று அப்போது என்னால் சொல்ல முடியும்.